உடலில் புரதம் சிதைக்கப்படும் விதத்தையும் எழுத வேண்டுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவ இணைப்பில் அண்மையில் வெளிவந்த புரதச்சத்து பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். எந்த வயதினருக்கு எவ்வளவு புரதம் வேண்டும், பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் ஆகியவற்றிலிருந்து அதை எப்படிப் பெறலாம் என்பதையெல்லாம் எளிய நடையில் விளக்கியிருந்தீர்கள். பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்க, பெரிய வீடுகளில் தனியாக இரண்டு வாய்ச் சோற்றோடு நிறுத்திக்கொள்ளும் முதியவர்கள் நிறைந்த எங்கள் காரைக்குடி வட்டாரத்திற்கு அத்தகைய கட்டுரைகள் மிகவும் தேவை. ஆயினும் அதில் ஒரு வாக்கியம் என்னைத் தொடர்ந்து உறுத்திக்கொண்டிருக்கிறது. உண்ணும் புரதம் தசையாகச் சேர்ந்து உடலில் நிலைத்துவிடுகிறது என்று அந்த வாக்கியம் சொல்கிறது. பள்ளியில் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

புரதம் உடலில் நிலைப்பதில்லை. நம் செல்களில் உள்ள புரதங்களில் மிகப் பெரும்பாலானவை கட்டப்பட்ட சில நிமிடங்களிலோ, சில நாட்களிலோ, சில வாரங்களிலோ உடைக்கப்பட்டுவிடுகின்றன. ஏறக்குறைய 70 கிலோ எடையுள்ள, நலமாக இருக்கும் ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம் வரை புரதம் சிதைக்கப்பட்டு, ஏறத்தாழ அதே அளவு புதிதாகக் கட்டப்படுகிறது. அவர் அன்றைய உணவில் உண்ணும் புரதமோ 60, 70 கிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? நேற்று வரை அவருடைய ஈரலிலும் குடலிலும் தசையிலும் வேலை செய்துகொண்டிருந்த புரதங்களை உடைத்ததில் கிடைத்த, புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. நாம் தட்டில் வைத்து உண்பது இந்தப் பெரிய சுழற்சியில் ஒரு சிறு பங்கு மட்டுமே.

இதை முதலில் சோதனையின் வழியாக எடுத்துக்காட்டியவர் ருடால்ஃப் ஷோன்ஹைமர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரை விட்டு வெளியேறி, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த யூத அறிஞர் அவர். உடற்புரதம் பெரும்பாலும் அசையாத கட்டுமானம் என்றும், உணவுப் புரதம் அன்றாடம் எரிந்து சிறுநீரில் வெளியேறிவிடுகிறது என்றும், தேய்மானத்தை ஈடுகட்டும் அளவுக்குச் சிறிதளவே உடலில் சேர்கிறது என்றும் அதுவரை கருதப்பட்டு வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரேயின் குழு, உடலில் எங்கே போனாலும் சாதாரண நைட்ரஜனிலிருந்து வேறுபடுத்திக் காணக்கூடிய கனமான நைட்ரஜனைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்ததால், அந்த நைட்ரஜன் சேர்ந்த அமினோ அமிலத்தை ஷோன்ஹைமர் எலிகளுக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பழைய கருத்து சரியென்றால் கொடுத்ததில் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில் வந்திருக்க வேண்டும். வந்ததோ பாதியளவுதான், மீதியில் பெரும்பகுதி எலிகளின் உடற்புரதங்களுக்குள் புகுந்திருந்தது. அவற்றின் எடை கூடவில்லை. எடை கூடாமல் புதியது உள்ளே புகுந்திருக்கிறது என்றால், அதே அளவு பழையது உடைந்து இடம்விட்டிருக்கிறது என்பதுதான் பொருள். ஷோன்ஹைமர் 1941-இல் மறைந்துவிட்டார். அவர் காட்டிய உண்மை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் செய்தித்தாள்களின் மருத்துவப் பக்கத்திற்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எல்லாப் புரதங்களுக்கும் ஒரே ஆயுள் கிடையாது என்பது இதில் இன்னும் வியப்பானது. ஒரே செல்லுக்குள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும் இரண்டு புரதங்களில் ஒன்று அரை மணி நேரத்தில் போய்விடும். மற்றொன்று பல நாட்கள் இருக்கும். புற்றுநோய் வராமல் காவல் காக்கும் பி53 என்னும் புரதத்தின் அளவு, புதிதாக உண்டாவதை நிறுத்திவிட்டால் 20 நிமிடங்கள் போலப் பாதியாகக் குறைந்துவிடும். இரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினோ அந்த அணு வாழும் 120 நாட்களும் உடன் இருக்கிறது. இன்னொரு கோடியில் கண்ணின் விழிவில்லை இருக்கிறது. வில்லையின் நடுப்பகுதிச் செல்கள் வளர்ச்சியின்போதே தம் உட்கருவையும் பிற உறுப்புகளையும் இழந்துவிடுவதால், அங்குள்ள கிரிஸ்டலின் புரதங்கள் உடைக்கப்படுவதும் இல்லை, புதிதாகக் கட்டப்படுவதும் இல்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டான அதே புரதத்தின் வழியாகத்தான் எண்பது வயதிலும் ஒருவர் உலகைப் பார்க்கிறார். ஒளியும் ஆக்சிஜனும் பல்லாண்டுகளாகத் தாக்கியதில் அந்தப் புரதங்கள் உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, ஒளியைச் சிதறடிக்கின்றன. கண்புரை என்பது அதுதான். எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் பச்சைத் துணியால் கண்ணை மறைத்துக்கொண்டு மதுரையிலிருந்து திரும்பும் பெரியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பழையதை உடைத்துப் புதுப்பிக்கும் வசதி இல்லாத இடத்தில் புரதத்திற்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உடைப்பதை ஏதோ கேடு என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

செல் புரதத்தை எப்படி உடைக்கிறது என்ற கேள்விக்கு விடை எளிதாகக் கிடைத்துவிடவில்லை. செட்டிநாட்டுச் சமையலறையில் முற்றிய ஆட்டுக்கறி வேக மறுத்தால் ஒரு துண்டு பப்பாளிக்காயை வெட்டிப் போடுவார்கள். காயின் பாலில் உள்ள பப்பெயின் என்னும் நொதி கறியின் புரத இழைகளை நறுக்கிவிடுவதால் கறி மெத்தென்று வெந்துவிடுகிறது. நம் இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் செய்வதும் அதே வகை வேலைதான். இப்படி நறுக்குவதற்கு வெளியிலிருந்து சக்தி எதையும் கொடுக்க வேண்டியதில்லை; அமினோ அமிலங்களைக் கோப்பதற்குத்தான் சக்தி வேண்டும், பிரிப்பதற்கு வேண்டாம் என்பது வேதியியலின் பாலபாடம். ஆனால் 1953-இல் மெல்வின் சிம்ப்சன் எலியின் ஈரல் சீவல்களை வைத்துச் செய்த ஆய்வில், செல்லின் சக்தி உற்பத்தியைத் தடுத்தால் புரதம் உடைவதும் குறைந்துவிடுகிறது என்று தெரியவந்தது. பப்பாளிப் பால் சும்மா செய்துவிடும் வேலைக்குச் செல் ஏன் சக்தியைச் செலவழிக்கிறது என்பது அன்றைய அறிஞர்களுக்குப் புரியாத புதிராக இருந்தது.

1955-இல் பெல்ஜிய நாட்டின் கிறிஸ்டியன் டி டூவ், செல்லுக்குள் அமிலமும் செரிமான நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்னும் சிறு பைகளைக் கண்டறிந்தார். புதிர் அவிழ்ந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் லைசோசோம் தனக்குள் வந்து விழுவதை எல்லாம் மொத்தமாகக் கரைக்கும் இயல்புடையது. ஒரு புரதத்திற்கு இருபது நிமிடமும் அதன் பக்கத்துப் புரதத்திற்கு இருபது நாளும் ஆயுள் என்பதை அதைக் கொண்டு விளக்க முடியவில்லை. அதோடு, முயலின் இளம் சிவப்பணுக்களில் லைசோசோமே இருப்பதில்லை. அப்படியிருந்தும் அவை கோளாறாக உருவான ஹீமோகுளோபினை மட்டும் தேடிப் பிடித்து உடைத்தன, நல்லதைத் தொடவில்லை. அதற்கு ஏ.டி.பி. என்னும் சக்தி மூலக்கூறும் தேவைப்பட்டது என்று 1977-இல் ஹார்வர்டில் எட்லிங்கரும் கோல்ட்பர்கும் காட்டினார்கள்.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் டெக்னியான் நிறுவனத்தில் பணியாற்றிய அவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சிச்சனோவரும் அந்த இளம் சிவப்பணுச் சாற்றை எடுத்து இரண்டு பகுதிகளாகப் பிரித்தார்கள். தனித்தனியே இரண்டும் எதையும் உடைக்கவில்லை. மீண்டும் சேர்த்தபோது வேலை நடந்தது. அப்படியானால் இரண்டிலும் ஒவ்வொரு பொருளாவது இருந்தாக வேண்டும். முதல் பகுதியில் ஹீமோகுளோபின் மண்டிக்கிடந்ததால், தேடும் பொருளைப் பிரித்தெடுப்பது கடினமாக இருந்தது. அவர்கள் அந்தச் சாற்றைக் கொதிக்க வைத்தார்கள். வெப்பம் பட்டால் புரதங்கள் திரிந்து செயலிழப்பது உலக வழக்கம். ஹீமோகுளோபினும் ஏனையவையும் அப்படியே திரிந்து சேறாக அடியில் தங்கின. மேலே தெளிந்து நின்ற நீரில் அவர்கள் தேடிய பொருள் சேதமின்றி இருந்தது. கொதியைத் தாங்கிய அந்தச் சிறு புரதத்தைப் பற்றி 1978-இல் எழுதினார்கள். பாடம் நடத்திய காலத்தில் இந்தக் கட்டத்தைச் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். கொதிக்க வைப்பது என்ற, எந்தச் சமையலறையிலும் நடக்கும் ஒரு செயலில் இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு அடங்கியிருக்கும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

அந்தச் சிறு புரதம் 76 அமினோ அமிலங்களால் ஆன யுபிகுவிட்டின் என்று 1980-இல் அறியப்பட்டது. 1975-இலேயே கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். ஆனால் அதன் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த இர்வின் ரோஸுடன் சேர்ந்து ஹெர்ஷ்கோவும் சிச்சனோவரும் அதே 1980-இல் வெளியிட்ட ஆய்வுகள், அது எதையும் நறுக்குவதில்லை என்றும், உடைக்கப்பட வேண்டிய புரதத்தின் மேல் வலுவான வேதிப்பிணைப்பால் தன்னை ஒட்டிக்கொள்கிறது என்றும் காட்டின. இவர்கள் மூவருக்கும் 2004-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒட்டும் வேலை மூன்று படிகளில் நடக்கிறது. முதல் நொதி ஏ.டி.பி.யைச் செலவழித்து யுபிகுவிட்டினை வேலைக்குத் தயார்ப்படுத்துகிறது. இரண்டாவது அதை வாங்கித் தாங்கிக்கொள்கிறது. மூன்றாவது, உடைக்க வேண்டிய புரதத்தை இனங்கண்டு அதன் மேல் யுபிகுவிட்டினைப் பொருத்துகிறது. மனிதனிடம் முதல் வகையில் இரண்டே நொதிகளும், இரண்டாம் வகையில் சுமார் நாற்பதும், மூன்றாம் வகையில் அறுநூறுக்கும் மேற்பட்டவையும் இருக்கின்றன. இந்த எண்ணிக்கையே போதும், செல்லின் அக்கறை முழுவதும் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல. எதை உடைப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்களில் பங்காளிகள் சேர்ந்து ஒரு பழைய வீட்டைப் பிரிக்க முடிவு செய்தால், முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை ஆசாரி நடந்து, கழற்ற வேண்டிய தூணிலும் நிலையிலும் சுண்ணக்கட்டியால் குறி போட்ட பிறகே ஆட்கள் கை வைப்பார்கள். குறி இல்லாததைத் தொடமாட்டார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள் கீறல் படாமல் இறங்கிக் காரைக்குடிக் கடைகளுக்குப் போய், வேறு ஊரில் வேறு வீட்டில் நிற்கும். செல்லில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். குறைந்தது நான்கு யுபிகுவிட்டின்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட புரதமே உடைக்கும் இடத்திற்குப் போகிறது. அந்த இடத்தின் பெயர் புரோட்டியசோம். ஏழேழு அலகுகள் கொண்ட நான்கு வளையங்கள் அடுக்கிய, நடுவே குடைவுள்ள உருளை அது. நறுக்கும் நொதிப்பகுதிகள் எல்லாம் குடைவின் உட்பக்கம் மட்டுமே இருக்கின்றன. உருளையின் இரு முனைகளிலும் மூடி போன்ற அமைப்பு இருந்து, சங்கிலியை அடையாளங்கண்டு, யுபிகுவிட்டின்களைக் கழற்றி மறுபயன்பாட்டிற்கு விட்டுவிட்டு, மடிந்து கிடக்கும் புரதத்தை ஏ.டி.பி.யைச் செலவழித்துப் பிரித்து நீட்டி உள்ளே செலுத்துகிறது. உள்ளே போனது சிறு துண்டுகளாக வெளியேறுகிறது. வேறு நொதிகள் அத்துண்டுகளை அமினோ அமிலங்களாக ஆக்குகின்றன. அவற்றில் சில துண்டுகளைச் செல் தன் வெளிச்சுவரில் ஏந்திக் காட்டுவதால்தான், உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அது தெரியவருகிறது. சிம்ப்சனைத் திகைக்க வைத்த சக்திச் செலவு எதற்காக என்பது இப்போது விளங்குகிறது. தேர்ந்தெடுப்பதற்கும், தேர்ந்தெடுத்ததை மட்டும் அந்தக் குறுகிய வாயிலுக்குள் செலுத்துவதற்கும் செல் கொடுக்கும் விலை அது. பப்பெயின் போன்ற ஒன்று செல்லுக்குள் கட்டுப்பாடின்றித் திரிந்தால் செல்லே மிஞ்சாது.

கட்டியதை இருபது நிமிடத்தில் உடைப்பது வீண் செலவு அல்லவா என்று பலர் கேட்பார்கள். பி53 புரதத்தை எடுத்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்கும். நலமான செல் அதை இடைவிடாமல் உண்டாக்கி, இடைவிடாமல் குறியிட்டு உடைத்துக்கொண்டே இருக்கிறது. டி.என்.ஏ. சேதமடைந்தால் செல் குறியிடுவதை நிறுத்தினால் போதும். ஏற்கெனவே உண்டாகிக்கொண்டிருக்கும் பி53 மளமளவென்று பெருகி, செல் பிரிவதைத் தடுத்து, சேதத்தைச் சரிசெய்யவோ செல்லை மடியச் செய்யவோ வழிசெய்கிறது. முதலிலிருந்து தொடங்கி உண்டாக்குவதென்றால் அதற்குள் காலம் கடந்துவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் கை வைப்பது சரியாக இந்த இடத்தில்தான். அதன் ஈ6 என்னும் புரதம், நம் செல்லுக்குச் சொந்தமான ஒரு குறியிடும் நொதியையே அழைத்து வந்து பி53-இன் மேல் ஏவிவிடுகிறது. காவலுக்கு இருந்த புரதம் புரோட்டியசோமுக்குள் போய்விடுகிறது. நம் மாநிலத்துப் பெண்களை நெடுங்காலமாக வாட்டும் இந்நோயின் வேர், புரதம் உண்டாவதில் இல்லை, தவறான புரதம் உடைக்கப்படுவதில் இருக்கிறது என்பதை, பள்ளி வயதுப் பெண் குழந்தைகளுக்கான தடுப்பூசி பற்றித் தாங்கள் எழுதும்போது ஒரு வரியில் சேர்த்தால் தாய்மார்களுக்குத் தடுப்பூசியின் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

இந்த அறிவு மருந்தாகவும் ஆகியிருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்னும் புற்றுநோயின் செல்கள் எதிர்ப்புப் புரதங்களை அளவின்றி உண்டாக்குபவை. புரோட்டியசோமை அடைத்துவிட்டால் கழிவு தேங்கி அவை மடிகின்றன. அவ்வாறு அடைக்கும் போர்ட்டிசோமிப் என்னும் மருந்து 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இன்று தரப்படுகிறது. 1950-களின் இறுதியில் கருவுற்ற தாய்மார்களுக்குக் கொடுக்கப்பட்டு, கை கால் குறைபட்ட பல்லாயிரம் குழந்தைகள் பிறக்கக் காரணமான தாலிடோமைடு என்னும் மருந்து என்ன செய்தது என்பதும் 2010 முதல் வந்த ஆய்வுகளில் தெரியவந்தது: அது ஒரு குறியிடும் நொதியில் போய் ஒட்டிக்கொண்டு, உடையக் கூடாத புரதங்களை உடைக்கச் செய்திருக்கிறது. அதே குணத்தைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தித்தான் அதன் வழிவந்த மருந்துகள் இன்று மைலோமா நோயாளிகளுக்கு உதவுகின்றன.

வயலிலும் இதே கதைதான். எங்கள் கண்மாய்ப் பாசனப் பெரியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கும் ஐ.ஆர்.8 நெல் 1966-இல் வந்தது. நெற்பயிரின் தண்டு நீள வேண்டுமானால், வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும் ஒரு புரதம் கிபரெலின் என்னும் வளரூக்கியின் தூண்டுதலால் குறியிடப்பட்டு உடைக்கப்பட வேண்டும். ஐ.ஆர்.8-இல் கிபரெலின் குறைவு. ஆகவே அந்தப் புரதம் போதிய அளவு உடைவதில்லை. பயிர் குட்டையாக நின்று கதிரின் கனம் தாங்குகிறது.

இனி, நான் இக்கடிதம் எழுத முதன்மையான காரணத்திற்கு வருகிறேன். நம் உடற்புரதத்தில் மிகப் பெரிய பங்கு தசையில் இருக்கிறது. தசை ஓய்ந்திருந்தால், அதன் புரதங்களைக் குறியிடும் இரண்டு நொதிகள் பெருகுகின்றன என்று 2001-இல் கண்டறிந்தார்கள். பட்டினி, கட்டுப்படாத சர்க்கரை நோய், கடும் தொற்று, புற்றுநோய் ஆகியவற்றிலும் அவை பெருகுகின்றன. இன்சுலின் போதிய அளவு வேலை செய்யும்வரை அது இந்த நொதிகளை அடக்கி வைக்கிறது. அடக்குமுறை தளர்ந்தால் தசை உடையத் தொடங்குகிறது. சர்க்கரை மிகுந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே வைத்திருந்து 2007-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. அவர்களுக்கு அந்நாட்களில் பரிந்துரைக்கப்பட்ட அளவு புரதம் உணவில் கொடுக்கப்பட்டுத்தான் வந்தது.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி வளவுப் படியில் கால் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பினார். கடல் கடந்து இருக்கும் பிள்ளைகள் உண்மையான அன்போடு புரதப் பொடி டப்பாக்களை வாங்கி அனுப்பினார்கள். இரண்டாம் கட்டு அலமாரியில் அவை வரிசையாக இருந்தன. பார்த்துக்கொள்ள அமர்த்திய பெண் வேளை தவறாமல் பாலில் கலக்கிக் கொடுத்தார். "நீங்க அசையாம படுத்திருங்க ஆச்சி, நான் இருக்கேன்" என்று கழிப்பறைக்குக்கூட எழவிடாமல் தாங்கினார். ஒருநாள் பார்க்கப் போயிருந்தபோது ஆச்சியின் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தேன். தோலுக்கும் எலும்புக்கும் இடையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. மருத்துவமனை கொடுத்த தாளை வாங்கிப் படித்தேன். கைத்தாங்கல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அன்றாடம் நடக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி மடக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். அதைத் தமிழில் ஒருவரும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், ஓய்வு கொடுத்தால் உடம்பு தேறும், பொடி கொடுத்தால் சதை பிடிக்கும் என்று நம்பியிருந்தவரை அது அசைத்திருக்குமா என்பது ஐயமே. தங்கள் கட்டுரையின் அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாமல் எழுதுவது இதனால்தான்.

புரதம் வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். முதியவர்களில் பலர் உண்ணும் புரதம் குறைவே. அதைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் வந்து சேரும் அமினோ அமிலங்கள் தசையாகக் கோக்கப்படுவதற்கு, அந்தத் தசை எடையைத் தாங்கி உழைக்க வேண்டும். அப்போதுதான் கட்டும் வேலை ஓங்கி, குறியிடும் வேலை அடங்குகிறது. உழைக்காத தசைக்குப் பொடி எவ்வளவு கொடுத்தாலும் மிஞ்சிய நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அதுவே சுமையாகும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் பொடி கொடுப்பது அவர்களுக்குத் தீங்காகவும் முடியலாம்.

இதன் மறுகோடியில் இன்னொரு தவறான செய்தி உலவுவதையும் குறிப்பிட வேண்டும். பட்டினி கிடந்தால் செல்கள் கழிவைத் தாமே உண்டு உடல் புதுப்பிக்கப்படும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள், நம் ஏகாதசி விரதத்தின் பெருமை இதுதான் என்று கைபேசியில் வரும் செய்திகளை நம்பி, சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள்கூட முழுநாள் பட்டினி கிடக்கிறார்கள். 2016-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி ஆராய்ந்தது ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட் செல்களை. உணவு கிடைக்காத ஈஸ்ட், தன் உறுப்புகளைச் சவ்வுப் பையில் பொதிந்து கரைக்கும் தன்னுண்ணல் முறையையும், அதை நடத்தும் மரபணுக்களையும் அவர் கண்டறிந்தார். மனிதர்கள் எத்தனை நாள் பட்டினி கிடக்கலாம் என்று அவர் எதையும் பரிந்துரைக்கவில்லை. விரதம் இருப்பது அவரவர் பக்தி; அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதை யாராவது அவர்களுக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

எனவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். உண்ட புரதம் நிலைத்துவிடுகிறது என்ற வாக்கியத்திற்கு ஒரு சிறு திருத்தத்தை அதே மருத்துவ இணைப்பில் வெளியிட வேண்டும். அடுத்ததாக, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் இருக்கும் முதியவர்களின் தசை கரையாமல் காப்பது எப்படி என்று, அரசு மருத்துவமனை ஒன்றின் இயன்முறை மருத்துவரைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதச் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, படுக்கையில் இருந்தபடியே தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது ஆகியவற்றைப் படத்துடன் வெளியிட்டு, யார் யார் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்பதையும் குறிப்பிட வேண்டும். எழுத்துகள் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பலர் தங்கள் நாளிதழை நாள்தோறும் எழுத்துக்கூட்டியாவது படிப்பவர்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.